தொப்பிக்கு ஃபால்ஸ் தைத்த கதை

அம்மா மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தபோது நடந்தது இது. மெல்பர்னில் கேம்பர்வெல் என்ற பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பழைய சாமான் சந்தை கூடும். மற்ற நாளெல்லாம் கார் நிறுத்துகிற இடம்தான். ஞாயிறு விடிந்தால் பீங்கான் கோப்பை, ஃபிலிம் கேமரா, யாருடைய தாத்தாவுடையதோ ஒரு கோட்டு என்று கடை பரப்பிவிடுவார்கள். ரோட்டரிக்காரர்கள் நடத்துவது. அம்மாவுக்குச் சந்தை என்றால் போதும், குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஸ்வெட்டருக்கு மேல் என் ஜெர்கினைப் போட்டு, அதற்கு மேல் மங்கி குல்லாவையும் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

அங்கேதான் அந்தத் தொப்பி கிடைத்தது. புறாச் சாம்பல் நிறத்தில் ஃபெல்ட் தொப்பி. உள்ளே தோல் பட்டையில் பாதி அழிந்த பொன்னெழுத்தில் அக்குப்ரா என்று இருந்தது, பக்கத்தில் 57 என்று அளவு. தலையில் வைத்தேன், அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. 25 டாலர் என்றார் கடைக்காரர். புதிதாக வாங்கப் போனால் 200-க்குக் குறையாது. குறை ஒன்றே ஒன்றுதான். சுற்றிலும் இருந்த கறுப்பு ரிப்பன் வெளுத்து, பச்சை பாய்ந்து, கீழ் ஓரத்தில் வியர்வை உப்பு பூத்து, ஒரு பக்கம் நார் நாராகப் பிரிந்து கிடந்தது.

"ரிப்பன்தானேம்மா, மாத்திக்கலாம்" என்றேன்.

"இருபத்தஞ்சு டாலரா? உனக்கு நல்லாக் குல்லா போட்டுட்டான்டா" என்றாள். சொன்ன பிறகுதான் அதன் பொருத்தம் அவளுக்கே உறைத்தது. ட்ராமில் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

ரிப்பன்தானே என்று சொன்ன வாயை அடுத்த மூன்று வாரம் நானே கடித்துக்கொண்டேன். முதலில் தொப்பி சரிசெய்கிற ஒருவரிடம் விசாரித்தேன். அவர் கேட்ட கூலி தொப்பி விலையைப் போல மூன்று மடங்கு. ஒன்றரை விரற்கடை அகலத் துணிப்பட்டைக்கா இவ்வளவு என்று எரிச்சலாக வந்தது. வேலையை முடித்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து ஷாப்பிங் சென்டரில் கைவேலைச் சாமான் கடை ஒன்று உண்டு. மூன்று டாலருக்கு ஒரு சுருள் காப்பி நிற ரிப்பன், கூடவே துணி ஒட்டும் பசை ஒரு ட்யூப். பழையதைப் பிய்த்து எறிவது, புதியதைச் சுற்றி ஒட்டுவது, அரை மணி நேரத்தில் ஆள் ரெடி. இதுதான் திட்டம்.

பிய்க்கப் போனபோதே அம்மா கையைத் தட்டிவிட்டாள். "இழுக்காத. நூலைத் தேடு." அவளுடைய தையல் டப்பாவில் (சென்னை ஏர்போர்ட்டில் அதைத் திறந்து காட்டச் சொன்ன கதை தனி) தையல் பிரிக்கிற சின்னக் கொக்கி இருந்தது. ரிப்பனை நகத்தால் லேசாக நெம்பினால் உள்ளே ஒரு நூல் தெரியும். அதை அறுத்தால் அடுத்தது. எண்ணிக்கொண்டே வந்தேன். மேல் ஓரத்தில் 7, கீழ் ஓரத்தில் 4, முடிச்சு போலத் தெரிகிற 'போ' இருந்த இடத்தில் 3. இத்தனை வருஷமாக அந்த ரிப்பனை வெயிலிலும் காற்றிலும் பிடித்து வைத்திருந்தவை மொத்தம் 14 தையல்கள்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். சுற்றிலும் நெருக்கமாகத் தைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "மாத்துற சாமானை யாராவது நெருக்கமாத் தைப்பாங்களா?" என்றாள்.

ரிப்பன் கழன்றதும் அடியில் ஒரு வட்டம் தெரிந்தது. அந்த வட்டத்தில்தான் தொப்பியின் அசல் நிறம் இருந்தது. நான் புறாச் சாம்பல் என்று நம்பியது வெயில் கொடுத்த நிறம். ரிப்பனுக்கு அடியில் இருந்ததோ நல்ல கரும் சாம்பல், புதுசு போல. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியுமே, அது இங்கே தலைகீழாக. அந்தக் கரிய வட்டத்தின் அகலம் 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம். நான் வாங்கி வந்த காப்பி நிற ரிப்பனோ 25 மில்லிமீட்டர். ஒட்டினால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று கரிய கோடுகள் எட்டிப் பார்க்கும். பாவாடை தெரியக் கட்டிய சேலை மாதிரி இருக்கும் என்று அம்மா சொன்னாள், சரியான வர்ணனை.

ஆக, பழைய ரிப்பனின் அகலத்தைவிட ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. கூடினால் பாதகமில்லை. மூன்று டாலர் போனது போனதுதான். மறுநாள் அதே கடையில் அதே சரக்கில் 38 மில்லிமீட்டர் வாங்கினேன். அதுவும் போனது.

இந்தத் தோல்விதான் எனக்குப் பிடித்த தோல்வி. புது ரிப்பனைத் தொப்பியைச் சுற்றி இழுத்துக் குண்டூசி குத்தினேன். கீழ் ஓரம் கச்சிதமாக உட்கார்ந்தது. மேல் ஓரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது, சுற்றிலும், ஒரு சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு. மேலே இறுக்கினால் கீழே சுருக்கம் விழுந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். பிறகுதான் டேப் எடுத்து அளந்தேன். விளிம்பு மடிகிற இடத்தில் சுற்றளவு 60 சென்டிமீட்டர். அங்கிருந்து ரிப்பனின் அகலம் அளவுக்கு மேலே போனால் 58.5. தொப்பியின் மேல்பாகத்தை, கிரவுன் என்பார்கள், நாம் உருளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மேலே போகப் போகக் குறுகுகிற கூம்பு. கூம்பின் மேல் நேரான பட்டை எப்படி ஒட்டும்?

"ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைக்கிற மாதிரிடா இது" என்றாள் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. (ஆமாம், மெல்பர்னின் டாண்டினாங் பேட்டையில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. விலை கேட்காதீர்கள்.) "கழுத்து வளைவுக்கு நேர்ப்பட்டி வச்சா இப்படித்தான் தூக்கிக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் கிராஸ் பீஸ் வெட்டுறது."

தையல் தெரியாதவர்களுக்கு: துணியை நெய்த நூலோடு நேராக வெட்டாமல் குறுக்காக, கோணலாக வெட்டினால் அந்தத் துண்டு இழுத்த பக்கம் வளைந்து கொடுக்கும். ரவிக்கைக் கழுத்து, கையோரம் எல்லாம் அதை வைத்துத்தான். ஆனால் ரிப்பனைக் குறுக்காக வெட்ட முடியாதே. அது இரண்டு பக்கமும் கரையோடு நெய்து வருவது. அப்படியானால் தொப்பி செய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

பழைய ரிப்பனை எடுத்து மேசையில் படுக்க வைத்ததும் விடை கிடைத்தது. அது நேராகப் படுக்கவில்லை. வாழைப்பழம் போல, லேசான வளைவோடு கிடந்தது. ஓரத்தை உற்றுப் பார்த்தேன். நான் வாங்கிய ரிப்பனின் கரை கோடு போட்டது போல நேர். பழையதன் கரையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடிப் பொடியாக நெளிவுகள், ஊடு நூல் ஒவ்வொரு முறையும் கரையில் திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன வளையம். அந்த வளையங்கள்தான் சங்கதி. கரை கெட்டியாகக் கட்டப்படாததால் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரியும், விசிறியைப் போல. குறுக்கே வரி வரியாக மேடு தெரியும் இந்த வகை நெசவுக்குப் பொதுவாக க்ரோக்ரெய்ன் என்று பெயர். அதிலேயே இப்படி நெளிகரை வைத்தது பீட்டர்ஷம். பருத்தியோ விஸ்கோஸோ கலந்து நெய்தது. ஈரமும் சூடும் பட்டால் சொன்னபடி கேட்கும். நான் வாங்கியது முழுக்கப் பாலியஸ்டர். அதை எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

முயல் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் தொப்பியே முயல்தான். ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. முயலின் அடிமயிரை வெந்நீரிலும் அழுத்தத்திலும் புரட்டிப் புரட்டி எடுத்தால் மயிரிழைகளின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தானாகவே கெட்டித் துணியாகிவிடும். சிக்குப் பிடித்த தலைமுடி எப்படிப் பிரியாதோ அப்படி. ஆஸ்திரேலியாவில் முயலுக்குப் பஞ்சமில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கூத்து உண்டு. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாட வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து, வின்செல்ஸி பக்கத்தில் பார்வன் பார்க்கில் இருந்த தன் நிலத்தில் விட்டார். எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத் தூரம். அவை பெருகிக் கண்டத்தையே மேய்ந்து தள்ளின. கடைசியில் 1950-ல் வேண்டுமென்றே ஒரு வைரஸ் நோயைப் பரப்பித்தான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அந்த முயல்களின் ரோமத்தை வைத்துத் தொப்பி செய்து பேர் வாங்கியது அக்குப்ரா. 1912-ல் அந்தப் பெயரைப் பதிவு செய்தார்கள். 1974-லிருந்து தொழிற்சாலை நியூ சவுத் வேல்ஸில் கெம்ப்ஸி என்ற சிற்றூரில் இருக்கிறது. இந்த நாட்டு ராணுவத்தின் ஒரு பக்கம் மடித்த தொப்பிகளைச் செய்து கொடுத்தவர்களும் அவர்களே.

நெய்யாத துணி என்பதில் ஒரு பெரிய வசதி, தப்புத் தையல் போட்டுப் பிரித்தாலும் ஓட்டை நிற்பதில்லை. பட்டுச் சேலையில் ஊசி தவறாக ஏறினால் அந்தத் தழும்பு ஆயுசுக்கும் இருக்கும். ஃபெல்ட்டில் கெட்டில் ஆவியைக் காட்டி, மிருதுவான பிரஷ்ஷால் ஒரு தடவு தடவினால் மயிர் எழும்பி ஓட்டையை மூடிக்கொள்ளும். பழைய 14 தையல்களின் தடத்தையும் இப்படித்தான் மறைத்தேன். கூடவே அந்த வட்டத்தில் ஒட்டியிருந்த தூசியையும் துடைத்தேன். ஆவி காட்டும்போது தொப்பி குழைந்துவிடும், கை வைத்த இடத்தில் பள்ளம் விழும். ஆகவே நிறைய ஆவி வேண்டாம். ஆட்டு ரோம ஃபெல்ட் என்றால் இன்னும் கவனம் தேவை, அது சுருங்கும்.

உங்களிடம் இருப்பது கொள்ளுத்தாத்தா காலத்துத் தொப்பி என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் ரோமம் நன்றாகக் கவ்விக்கொள்ள வேண்டும் என்று பாதரசக் கரைசலில் தோய்த்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, மனம் பேதலித்தது. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி என்ற ஊரின் பெயராலேயே அந்த நடுக்கத்தை அழைத்தார்கள். 1941-ல்தான் அங்கே அந்த வழக்கம் நின்றது. மிகப் பழைய தொப்பிகளில் இன்றும் பாதரசம் தங்கியிருப்பதை மியூசியக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அடுப்படியில் வைத்து ஆவி காட்டவும் வேண்டாம். நான் வாங்கியது அவ்வளவு பழசில்லை.

மூன்றாவது ரிப்பன். பெண்களுக்கான விசேஷத் தொப்பிகள் செய்கிறவர்கள் சாமான் வாங்கும் கடையைத் தேடிப் போனோம். நவம்பர் முதல் செவ்வாயன்று நடக்கும் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கு இந்த ஊர்ப் பெண்கள் தலையில் வைக்கிற அலங்காரத்தைப் பார்த்தால் அந்தக் கடைகள் ஏன் பிழைக்கின்றன என்று புரியும். அங்கே பீட்டர்ஷம் மரச்சுருள்களில் அடுக்கடுக்காக இருந்தது. 40 மில்லிமீட்டர் இருந்தது, கரிய வட்டம் மறையும். நான் கறுப்பைக் கையில் எடுத்தேன்.

"உடம்பு சாம்பல். அதுக்குக் கறுப்புக் கரையா? துக்க வீட்டுக்கா போற?" அம்மா வேறொரு சுருளை இழுத்தாள். அரக்கு. "சாம்பலுக்கு அரக்கு பார்டர்தான்டா எடுப்பு. எங்கிட்டயே இந்தக் கலர்ல ஒரு சுங்குடி இருந்துச்சு."

கடைக்காரப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அம்மா பக்கம்தான் தலையாட்டினார். ஒன்றேகால் மீட்டர் அரக்கு வெட்டச் சொன்னோம். சுற்றுவதற்கு 60 சென்டிமீட்டர், ஒன்றின் மேல் ஒன்று ஏற 3, மிச்சம் போவுக்கும் பிழைக்கும். பிழைக்கு எப்போதும் ஒதுக்குங்கள்.

வளைக்கிற வேலை இஸ்திரிப் பெட்டியில். ரிப்பனை லேசாக ஈரப்படுத்தி, பலகையில் வைத்து, வெளி ஓரத்தை இடது கையால் வளைவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள் ஓரத்தில் பெட்டியை ஆவியோடு அழுத்தினேன். உள் ஓரம் சுருங்கியது, வெளி ஓரம் நீண்டது. முதல் முறை கொஞ்சம், இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம். நாலாவது முறை பழைய ரிப்பனின் மேல் வைத்துப் பார்த்தேன், வளைவோடு வளைவு பொருந்தியது. இந்த ஒரு காரியத்தைச் செய்த கணம்தான் மொத்த வேலையிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சூடு ஆறும்வரை அப்படியே பலகையில் கிடக்க விடுங்கள். அவசரப்பட்டுத் தூக்கினால் மறுபடி நேராகிவிடும்.

தொப்பியில் சுற்றியபோது மேல் ஓரம் வாயை மூடிக்கொண்டது. எவ்வளவு இறுக்கம் என்றால், ரிப்பனுக்கு அடியில் விசிட்டிங் கார்டு ஒன்று நுழைய வேண்டும், விரல் நுழையக் கூடாது. அதைவிட இறுக்கினால் கிரவுன் இடுப்பு கட்டினாற்போல் ஒடுங்கும்.

தையலுக்கு வருகிறேன். நான் வெளியிலிருந்து ஊசியை ஏற்றி, உள்ளே இருந்த தோல் பட்டையையும் சேர்த்துக் குத்தி, நாலு தையல் போட்டுவிட்டுப் பெருமையாக நீட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் நாலையும் பிரித்தாள். தோல் பட்டை விளிம்போடு மட்டும்தான் தைக்கப்பட்டிருக்கும், அதை வெளிப்பக்கம் புரட்டிவிடலாம். புரட்டினால் கிரவுனின் உட்பக்கம் கைக்கு எட்டும். தையல் அங்கேதான் நடக்க வேண்டும், தோலில் ஊசி படவே கூடாது. தோலில் விழுந்த ஓட்டை, ஃபெல்ட் போல மூடாது. பின்னால் தோலின் இரு முனையும் சேருகிற இடத்தில் பொடியாக ஒரு ரிப்பன் முடிச்சு இருக்கும், அது எந்தப் பக்கம் பின்பக்கம் என்று அடையாளம் காட்டும்.

"சேலைக்கு ஃபால்ஸ் எப்படித் தைக்கிறது? வெளியில தெரியுமா? தெரியாதுல்ல? உள்ள நீளமா ஓடும், வெளியில பொட்டுக் கணக்கா ஒரு புள்ளி. அதே தையல்தான்."

மதுரையில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தவள் அம்மா. சிறு வயதில் அந்தச் சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கி வந்தவன் நான். ஒருநாளும் அந்தத் தையலைத் திருப்பிப் பார்த்ததில்லை. தெரியாமல் இருப்பதுதானே அதன் நேர்த்தி!

அரக்கு நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்தாள், சிக்காமல் இருக்க. நீளமான மெல்லிய ஊசி. நடுவிரலில் திம்பிள், அதை அவள் விரல்தொப்பி என்பாள். முடிச்சுப் போடாமல், உள்ளே ஃபெல்ட்டின் பாதிக் கனத்தில் இரண்டு பின்தையல் போட்டு நூலை நிலைநிறுத்தினாள். பிறகு ஊசி வெளியே வந்து, ரிப்பனின் இரண்டு மேட்டு வரிகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில், வரியோடு வரியாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி உள்ளே போனது. இழுத்ததும் நூல் பள்ளத்தில் மறைந்தது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அடுத்த தையல் எட்டு சென்டிமீட்டர் தள்ளி. இரண்டு தையல்களை அவள் போட்டுக் காட்டினாள், மற்றதை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் போட்டதில் மூன்று தெரிகின்றன. அவளுடையவை எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போவை நான் நிஜமாகவே கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது கட்டுவதில்லை. வெல்க்ரோ வேட்டி கணக்குத்தான். 15 சென்டிமீட்டர் துண்டின் இரு முனைகளையும் பின்னால் நடுவில் சேர்த்துத் தைத்து, நடுவைச் சற்றே சுருக்கி, நீளவாக்கில் மடித்து ஒடுக்கிய இன்னொரு துண்டை மோதிரம் மாதிரி அதன் மேல் சுற்றிப் பின்னால் முடித்தால் போ. அது ரிப்பன் சேருகிற இடத்தை மறைக்க இருப்பது. ஆண்கள் தொப்பியில் இடது பக்கம், பெண்களுடையதில் பெரும்பாலும் வலது. கத்தி பிடிக்கிற வலது கைக்கு இறகும் குஞ்சமும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஆண்களுக்கு இடப்பக்கம் போனதாக ஒரு கதை சொல்கிறார்கள்.

"சட்டைப் பட்டன்ல இருக்கிற அதே வம்பு இங்கயும் இருக்கா?" என்றாள் அம்மா.

மொத்தம் 17 தையல். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், மூன்று ரிப்பன்கள். அந்தப் பசை ட்யூப் திறக்காமலே மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நல்லவேளை. ஒட்டியிருந்தால் அந்தப் பசை ஃபெல்ட்டில் ஊறி இறுகியிருக்கும். அடுத்து ரிப்பன் மாற்ற வேண்டி வரும்போது ரோமத்தோடு பிய்ந்து வந்திருக்கும். எனக்கு முன்னால் இதைப் போட்டிருந்த யாரோ ஒருவருக்காக யாரோ 14 தையல் போட்டு வைத்ததால்தான் என்னால் அதை ஐந்து நிமிடத்தில் பிரிக்க முடிந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தொப்பி இருந்தால், பசை மட்டும் வேண்டாம். பழைய ரிப்பனைக் கழற்றியதும் குப்பையில் போடாதீர்கள், அகலத்துக்கும் வளைவுக்கும் அதுதான் அளவு. பாலியஸ்டர் இல்லாத பீட்டர்ஷமாகப் பார்த்து வாங்குங்கள். சென்னையிலோ மதுரையிலோ அது கிடைக்கும் கடை உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள். கடைசி வாரம் அம்மா கேம்பர்வெல்லில் தனக்கென்று ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறாள், அதன் ரிப்பனும் கிழிசல்தான்.